உஷார்! பட்டம் இருக்கு… பட்டியல்ல பேரு இருக்கா?

எங்கள் பூதப்பாண்டியில் பூதலிங்கசாமி கோயில் தைத் திருவிழாவுக்கு வெளியூரில் படிக்கிற பிள்ளைகள் வந்திருந்தார்கள். தேர் நிலைக்கு வந்த பிறகு ஐந்து பேர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அவரவர் பல்கலைக்கழகத்தைப் பிய்த்து உதறிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் சென்னை, ஒருத்தி கோயம்புத்தூர், இன்னொருத்தன் திருவனந்தபுரம். ரிசல்ட் வரவில்லை, பாடம் நடத்த நிரந்தர ஆசிரியர் இல்லை, ஆய்வுக்கூடத்தில் கருவி இல்லை என்று ஆளுக்கொரு பாட்டு. நான் பழைய மாணவர் சங்கக் கூட்டங்களில் பல வருஷமாக நாற்காலி எடுத்துப் போடுகிறவன். இந்தப் பாட்டெல்லாம் எனக்குப் பல்லவியோடு மனப்பாடம்.

"எல்லாம் சரி மக்களே, ஓட்டு எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"இங்க வீட்லதான் மாமா இருக்கும்."

"இருக்கும்னா? பாத்தியா?"

"அம்மா பாத்திருப்பா."

அம்மா பக்கத்திலேயே பூ வாங்கிக்கொண்டு நின்றாள். கேட்டேன். "லிஸ்ட் எடுக்க டீச்சரம்மா வந்தாவ. அவன் மெட்ராஸ்லல்லா படிக்கான்னு சொன்னேன். செரின்னு எழுதிக்கிட்டுப் போனாவ" என்றாள்.

எனக்குப் பகீரென்றது. அங்கேயே போனை எடுத்துத் தேடச் சொன்னேன். ஐந்து பேரில் இரண்டு பேருக்குப் பெயர் இல்லை. அந்த அம்மா பொய் சொல்லவில்லை, எழுதிக்கொண்டு போனவரும் வேண்டுமென்று எதையும் செய்திருக்கமாட்டார். பிள்ளை மெட்ராஸில் படிக்கிறான் என்ற உண்மை, காகிதத்தில் ஏறும்போது பிள்ளை இந்த ஊரில் இல்லை என்று ஆகிவிட்டது.

இது எங்கள் ஊர் டீக்கடைச் சங்கதி மட்டுமல்ல. வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம், எல்லாரும் எஸ்.ஐ.ஆர். என்று சொல்கிறார்களே, அது தமிழ்நாட்டில் 2025 நவம்பர் 4ஆம் தேதி தொடங்கியது. டிசம்பர் 19ஆம் தேதி வரைவுப் பட்டியல் வந்தது. 6 கோடியே 41 லட்சமாக இருந்த பெயர்கள் 5 கோடியே 43 லட்சமாகச் சுருங்கியிருந்தன. 97 லட்சத்துக்கும் மேல் எடுத்துவிட்டார்கள். அதில் இறந்தவர்கள் என்று சுமார் 27 லட்சம், இரண்டு இடத்தில் இருந்தவர்கள் என்று சுமார் 3.4 லட்சம். மிச்சம் 66 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இடம் மாறியவர்கள், முகவரியில் இல்லாதவர்கள் என்ற கணக்கில் போயின. செத்தவர் பெயரை எடுப்பது நியாயம். அவர் பெயரில் வேறொருவர் மை வைத்துக்கொண்டு வந்த காலமெல்லாம் நமக்குத் தெரியும். ஆனால் இந்த 66 லட்சத்துக்குள் விடுதியில் படுத்துக்கிடந்த பிள்ளைகள் எத்தனை பேர் என்று நினைத்தால்தான் வயிற்றைப் பிசைகிறது. நவம்பர் மாதம் எது? செமஸ்டர் பரீட்சை மாதம். கணக்கெடுப்புத் தாள் வீட்டுக்கு வந்தபோது பிள்ளை பரீட்சைத் தாளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. வீட்டில் உள்ள பெரியவர் ஒருவர் அந்தப் பிள்ளைக்காகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாலே பெயர் நின்றிருக்கும். அது பல வீடுகளில் தெரியவில்லை. தெரிந்த வீட்டிலும், 'அவன் வந்து போட்டுக்கிடுவான்' என்று அலமாரியில் வைத்துவிட்டார்கள்.

ஊரில் பெயர் போனது சரி, படிக்கிற ஊரில் ஏறியதா? அதுவும் இல்லை. விடுதிக்கும் வீட்டுக்கும் நடுவில், பாலத்துக்கு அடியில் விழுந்த செருப்பு மாதிரி, அந்த ஓட்டு எங்கேயும் இல்லாமல் கிடக்கிறது. உஷார் என்று நான் கூவுவது இதற்குத்தான். பல்கலைக்கழகத்தைப் பற்றி வாய் ஓயாமல் பேசுகிற கூட்டம் மாணவர், ஆய்வாளர், வேலை தேடி வெளியூர் போன பட்டதாரி, ஓய்வுபெற்று மகன் வீட்டுக்கும் மகள் வீட்டுக்கும் அலைகிற பேராசிரியர். நான்கு பேருமே ஒரே கூரையின் கீழ் வருஷம் முழுக்க இருக்கிற ஆட்கள் இல்லை. கதவைத் தட்டும்போது வீட்டில் இல்லாதவர் பெயரை எடுப்பது என்று ஆரம்பித்தால் முதலில் விழுவது இவர்கள் தலைதான்.

படிக்கிற பிள்ளைக்கு எந்த ஊர் சொந்த ஊர்? இதில் சட்டம் தாராளமாகத்தான் இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் ஒரு வருஷத்துக்குக் குறையாத படிப்பு என்றால், விடுதியில் தங்கிப் படிக்கிற மாணவர் அப்பா அம்மா இருக்கிற வீட்டு முகவரியில் பதியலாம், விடுதி முகவரியிலும் பதியலாம். விருப்பம் அவருடையது. விடுதி முகவரி என்றால் முதல்வரோ பதிவாளரோ டீனோ கொடுக்கும் போனஃபைடு சான்றிதழை ஆறாம் எண் படிவத்தோடு வைக்க வேண்டும். ஆகவே, 'நீ இங்க இல்லையே, உன் பேரை எப்படிப் போட?' என்று யாராவது கேட்டால் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வர வேண்டாம். லீவுக்கு வருகிற வீடு, ரேஷன் கார்டில் பெயர் உள்ள வீடு, அந்த வீட்டில் பெயர் இருக்க உரிமை உண்டு.

ஆனால் இரண்டு இடத்திலும் போட்டு வைத்துக்கொள்வோம், எங்கே வசதியோ அங்கே போவோம் என்று கெட்டிக்காரத்தனம் காட்டினால் மாட்டிக்கொள்வீர்கள். ஒருவருக்கு ஒரு தொகுதிதான். வேறெங்கும் பெயர் இல்லை என்று பொய்யாக உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட்டால் 1950ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி ஒரு வருஷம் வரை சிறை. இரண்டு இடத்தில் போய் ஓட்டுப் போட்டால் இரண்டுமே செல்லாது. அரசு வேலைக்குப் படிக்கிற பிள்ளைகள் இதைக் கூடுதல் கவனத்தோடு கேட்டுக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே ஒரு தொகுதியில் பெயர் இருந்து அதை இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்றால் எட்டாம் எண் படிவம். பெயர் எங்குமே இல்லை, அல்லது எடுத்துவிட்டார்கள் என்றால் ஆறாம் எண் படிவம். படிவ எண்ணை மாற்றிப் போட்டுவிட்டு, கொடுத்தாச்சே என்று நிம்மதியாக இருப்பவர்கள் அநேகம்.

இனிமேல் சொல்வதுதான் எனக்குத் தூக்கம் வராமல் செய்கிற விஷயம். சட்டமன்றத்தின் ஆயுள் 2026 மே 10ஆம் தேதியோடு முடிகிறது. 'தேர்தல் தேதி சொல்லட்டும், அப்புறம் போய்ப் பதிஞ்சிக்கிடலாம்' என்று பலர் இருக்கிறார்கள். பட்டியலில் பெயர் சேர்ப்பது வேட்புமனுவின் கடைசி நாளோடு நின்றுவிடும். விண்ணப்பத்தை விசாரிக்க அவகாசம் வேண்டுமே, அதனால் அதற்குப் பத்து நாள் முன்பாவது விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்பது நடைமுறை. இப்போது பழைய கணக்கைப் பாருங்கள். 2021 சட்டமன்றத் தேர்தலுக்கு பிப்ரவரி 26ஆம் தேதி அறிவிப்பு வந்தது, வேட்புமனுவுக்குக் கடைசி நாள் மார்ச் 19. பத்தைக் கழித்தால் மார்ச் 9. அறிவிப்புக்குப் பிறகு பதினோரு நாள் கிடைத்தது. 2024 நாடாளுமன்றத் தேர்தலுக்கு மார்ச் 16ஆம் தேதி, சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் அறிவித்தார்கள். வேட்புமனுவுக்குக் கடைசி நாள் மார்ச் 27. பத்தைக் கழித்தால் மார்ச் 17. ஞாயிற்றுக்கிழமை. டி.வி.யில் அறிவிப்பைப் பார்த்துவிட்டு, நாளைக்குப் பார்ப்போம் என்று படுத்தவனுக்கு அந்த நாளைதான் கடைசி நாள். அப்படித் தவறவிட்ட ஒரு பையன் என் சொந்தத்திலேயே இருக்கிறான். திங்கட்கிழமை காலையில் என்னிடம் வந்து, "மாமா, யாரையாவது தெரியுமா?" என்று கேட்டான். யாரைத் தெரிந்து என்ன செய்ய?

ரயில் டிக்கெட் விஷயமும் இதே ரகம். 2024 நவம்பரிலிருந்து ரயில் முன்பதிவு அறுபது நாளுக்கு முன்புதான் திறக்கிறது. 2021இல் அறிவிப்புக்கும் வாக்குப்பதிவுக்கும் நடுவில் 39 நாள், 2024இல் 34 நாள். அதாவது தேர்தல் தேதி உங்களுக்குத் தெரியவரும்போது அந்தத் தேதிக்கான முன்பதிவு திறந்து மூன்று வாரமாவது ஆகியிருக்கும். கன்னியாகுமரி எக்ஸ்பிரஸிலும் அனந்தபுரியிலும் சாதாரண நாளிலேயே இடம் கிடைக்காது. அதனால் சென்னையில் படிக்கிறவர்கள் தேதி அறிவித்த அன்றைக்கே, முடிந்தால் அந்த மணிக்கே, டிக்கெட்டைப் பாருங்கள். இல்லையென்றால் கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டில் ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பையைத் தலைக்கு வைத்துப் படுக்க வேண்டியதுதான். எங்கள் சட்டமன்றத் தொகுதி கன்னியாகுமரி, எண் 229. தோவாளை தாலுகா முழுக்க அதற்குள்தான். தமிழ்நாட்டின் மொத்தத் தொகுதிகள் 234. எண் வரிசையில் கடைசிக்கு ஆறாவது, தூரத்தில் ஏறக்குறைய கடைசி. சென்னையிலிருந்து வருகிறவனுக்கு ஒரு ஓட்டு என்பது இரண்டு ராத்திரிப் பயணம்.

இவ்வளவு சிரமப்பட்டு வந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு பழங்கதை. பல்கலைக்கழகத்துக்கென்றே தனி ஓட்டு இருந்த காலம் ஒன்று உண்டு. 1937 தேர்தலில் சென்னை மாகாணச் சட்டசபையில் பல்கலைக்கழகத் தொகுதி என்று ஒன்று இருந்தது. பதிவு செய்த பட்டதாரிகள் வாக்காளர்கள். அதில் நிற்பதாக இருந்தவர் சத்தியமூர்த்தி. ராஜாஜிக்காக அவர் விட்டுக்கொடுத்தார். அந்தத் தொகுதி வழியாக உள்ளே போன ராஜாஜி அந்த ஜூலையில் மாகாணப் பிரதமரானார். (அடுத்த வருஷமே பள்ளிகளில் கட்டாய இந்தி வந்தது, பட்டதாரிகள் தேர்ந்தெடுத்தால் எல்லாம் நல்லதாகவே நடக்கும் என்று நினைப்பவர்கள் இதையும் குறித்துக்கொள்ளலாம்.) பூதப்பாண்டிக்கு அந்த ஓட்டும் கிடையாது, நாம் அப்போது திருவிதாங்கூர் மகாராஜாவின் குடிகள். இந்த ஊரில் 1907இல் பிறந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவா, கல்லூரிப் படிப்பு இல்லாத ஜீவா, 1952இல் வண்ணாரப்பேட்டைத் தொழிலாளிகளின் ஓட்டில்தான் சென்னைச் சட்டசபைக்குப் போனார்.

சுதந்திரத்துக்குப் பிறகு பட்டதாரிகளுக்கு மேலவையில் இடம் வைத்தார்கள். அரசியல் சட்டத்தின் 171ஆம் பிரிவுப்படி மேலவை உறுப்பினர்களில் பன்னிரண்டில் ஒரு பங்கைப் பட்டதாரிகளும் இன்னொரு பங்கை ஆசிரியர்களும் தேர்ந்தெடுப்பார்கள். தமிழ்நாட்டு மேலவையை எம்.ஜி.ஆர். ஆட்சி 1986 நவம்பர் 1ஆம் தேதியோடு இல்லாமல் ஆக்கியது. 2010இல் திரும்பக் கொண்டுவர நாடாளுமன்றம் வரை ஒப்புதல் வாங்கினார்கள், 2011இல் ஆட்சி மாறியதும் அதுவும் நின்றது. பட்டம் வாங்கினவனுக்குத் தனி ஓட்டு வேண்டும் என்பதில் எனக்கு ஒன்றும் நம்பிக்கை இல்லை. களத்துமேட்டில் நெல் தூற்றுகிற பாட்டாவின் ஓட்டும் பேராசிரியர் ஓட்டும் ஒன்றாக எண்ணப்படுவதுதான் முறை. கவலை வேறு. தனித் தொகுதி போன பிறகு, பல்கலைக்கழகத்துக்காகக் கேட்கிற ஆள் சட்டமன்றத்தில் இருக்கிறாரா என்று பட்டதாரிகள் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள்.

பார்க்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ரொம்ப தூரம் போக வேண்டாம். 2025 அக்டோபரில் தனியார் பல்கலைக்கழகங்கள் திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. தனியார் பல்கலைக்கழகம் தொடங்கத் தொடர்ச்சியாக 100 ஏக்கர் வேண்டும் என்று இருந்ததை மாநகராட்சியில் 25, நகராட்சி பேரூராட்சிகளில் 35, மற்ற இடங்களில் 50 ஏக்கர் என்று குறைத்தார்கள். நம்ம பூதப்பாண்டி பேரூராட்சிக் கணக்குக்கு 35 ஏக்கர், அவ்வளவுதான். அதைவிடப் பெரிய விஷயம், இப்போது நடந்துகொண்டிருக்கும் கல்லூரிகளே தனியார் பல்கலைக்கழகமாக மாறிக்கொள்ள அதில் வழி இருந்தது. குமரி மாவட்டத்தில் நம் பிள்ளைகள் குறைந்த கட்டணத்தில் படிப்பது பெரும்பாலும் அரசு உதவி பெறும் கல்லூரிகளில்தான். அப்படிப்பட்ட கல்லூரி ஒன்று தனியார் பல்கலைக்கழகமானால் கட்டணம் என்னவாகும், இட ஒதுக்கீடு என்னவாகும், ஆசிரியர் பணியிடம் என்னவாகும் என்று ஆசிரியர் சங்கங்களான மூட்டாவும் ஏ.யூ.டி.யும் கேட்டன. மாணவர் அமைப்புகள் கேட்டன. ஆளும் கூட்டணிக்குள்ளிருந்தே கேட்டார்கள். அந்த மாதம் முடிவதற்குள் மசோதாவைத் திரும்பப் பெற்று மறு ஆய்வு செய்வதாக உயர்கல்வி அமைச்சர் அறிவித்தார்.

கேட்டதால் நின்றது. ஆனால் மறு ஆய்வு என்ற சொல்லைக் கவனியுங்கள். அடுத்த சட்டமன்றம் வேறு சட்டமன்றம், அங்கே எந்தக் கட்சி உட்கார்ந்தாலும் இந்தத் தாளைத் தூசி தட்டி எடுக்கலாம். துணைவேந்தர் சண்டையும் தீரவில்லை. 2025 ஏப்ரல் 8ஆம் தேதி உச்ச நீதிமன்றம், ஆளுநர் நிறுத்தி வைத்திருந்த பத்து மசோதாக்கள் ஒப்புதல் பெற்றதாகக் கருதப்படும் என்று தீர்ப்புச் சொன்னது. நியமன அதிகாரம் அரசின் கைக்கு வந்தது என்று நினைக்கும்போதே மே 21ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை போட்டது. இடையில் பல பல்கலைக்கழகங்களில் நாற்காலி காலி, குழு போட்டு ஓட்டம். ஊரில் பண்ணையார் இல்லாத வயலுக்குத் தண்ணீர் விடுவது யார் என்று இரண்டு பேர் மல்லுக்கு நின்றால் பயிர் என்னவாகும் என்று நாஞ்சில் நாட்டுக்காரனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பழையாற்றுத் தண்ணீருக்குப் பட்ட சண்டை நமக்கு ஞாபகம் இருக்கிறது.

ஆகவே வேட்பாளர் வீட்டு வாசலுக்கு வரும் அந்த ஐந்து நிமிஷத்தை வீணாக்காதீர்கள். கும்பிடு போடுவார், குழந்தையைத் தூக்குவார், ஆரத்தித் தட்டைத் தேடுவார். அதற்குள் கேட்டுவிட வேண்டும். நம் கல்லூரி தனியார் பல்கலைக்கழகமாக மாறுவதற்கு நீங்கள் கை தூக்குவீர்களா, மாட்டீர்களா? காலியாகக் கிடக்கும் ஆசிரியர் பணியிடங்களைப் பற்றிச் சட்டமன்றத்தில் ஒரு கேள்வியாவது எழுப்புவீர்களா? இரண்டு கேள்வி போதும். எல்லாக் கட்சிக்காரரிடமும் அதே இரண்டு கேள்வி. சொன்ன பதிலை எழுதி வையுங்கள். படித்தவர்கள் இதைக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி பட்டா கேட்கக் கூச்சப்படுவதில்லை.

இறங்குங்கள் என்று சொல்லியாயிற்று. இறங்குகிற இடத்தில் பள்ளம் எங்கே இருக்கிறது என்றும் சொல்லியாக வேண்டும். பழைய மாணவர் சங்கத்துக்காரர்கள் ஆர்வக்கோளாறில் ஒரு நோட்டீஸ் அடிப்பார்கள். தேர்தல் நேரத்தில் அடிக்கிற நோட்டீஸில் அச்சிட்டவர் பெயரும் முகவரியும் வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இல்லையென்றால் தேர்தல் சட்டத்தின் 127ஏ பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதம். இரண்டும் சேர்ந்தும் வரலாம். நாகர்கோவிலில் விவரமான அச்சகக்காரர் என்றால் அவரே கேட்டு வாங்கிக்கொள்வார். வீட்டு பிரிண்டரில் அடித்து ஒட்டுகிற பிள்ளைகள்தான் சிக்குவார்கள். ஒரு வேட்பாளரை ஆதரித்து உங்கள் கைக்காசைப் போட்டுக் கூட்டம் நடத்தினாலும், அவர் எழுத்தில் அனுமதி கொடுக்காவிட்டால் அது குற்றம். அவர் அனுமதி கொடுத்தால் அவர் செலவுக் கணக்கில் ஏறும். அதனால் ஆளைப் பிடித்துத் தொங்காமல் விஷயத்தைப் பேசுவது நல்லது. எல்லா வேட்பாளரையும் ஒரே மேடைக்குக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பது இன்னும் நல்லது, அதற்கும் முன் அனுமதி வாங்கிவிடுங்கள்.

அப்புறம் இந்தக் கட்டட நிதி. 'உங்க சங்கத்துக்கு ஒரு ஹால் கட்டித் தாறேன், பிள்ளைகளுக்கு கம்ப்யூட்டர் வாங்கித் தாறேன்' என்று தேர்தல் நேரத்தில் ஒருவர் வந்தால், அவர் பெரிய மனசுக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். ஓட்டுக்காக வாங்குவது கொடுப்பதைப் போலவே குற்றம். பணம் கவரில் வந்தால்தான் லஞ்சம், கம்ப்யூட்டர் பெட்டியில் வந்தால் கல்விச் சேவை என்று சட்டம் பிரித்துப் பார்ப்பதில்லை. அரசுக் கல்லூரி ஆசிரியர்கள் ஓட்டுக் கேட்டுப் போனால் நடத்தை விதிகள் கழுத்தைப் பிடிக்கும். உங்கள் பாசத்தை வகுப்பறையில் காட்டினால் போதும். பாலிடெக்னிக்கில் முதல் வருஷம் படிக்கிற பிள்ளைக்குப் பதினாறு, பதினேழு வயசுதான். அதைக் கொடி பிடிக்கவும் நோட்டீஸ் கொடுக்கவும் கூட்டிக்கொண்டு போகக் கூடாது என்று தேர்தல் ஆணையம் கட்சிகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. பிரியாணிப் பொட்டலம் கொடுத்தால் பிள்ளைகள் போய்விடும். வீட்டில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வாட்ஸ்அப்பை நினைத்தால் இன்னும் பயம். வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயரை உறுதி செய்ய வேண்டும், போனுக்கு வந்த ஓ.டி.பி.யைச் சொல்லுங்கள் என்று யாராவது கூப்பிட்டால் உடனே வையுங்கள். பெயர் சேர்க்க வருகிற பி.எல்.ஓ.வுக்கு உங்கள் ஓ.டி.பி. தேவையே இல்லை. 'செயலியை இறக்குங்கள்' என்று ஏ.பி.கே. கோப்பு வந்தால் தொடாதீர்கள். சந்தேகமா, 1950 என்ற எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். பட்டம் படித்தவன் ஏமாறமாட்டான் என்பதெல்லாம் சும்மா. வங்கிக் கணக்கைப் பறிகொடுத்தவர்களில் முனைவர் பட்டக்காரர் ஒருவரையே எனக்குத் தெரியும்.

வெளிநாட்டில் வேலை பார்க்கிற நம் பட்டதாரிகளுக்கும் ஒரு வார்த்தை. வளைகுடாவில் இருந்துகொண்டு கல்லூரிக் குழுவில் அரசியல் பேசுகிற கூட்டம் இந்த மாவட்டத்தில் ஏராளம். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்காதவர் என்றால் 6ஏ படிவம் போட்டு, பாஸ்போர்ட்டில் உள்ள ஊர் முகவரியில் பதியலாம். ஆனால் போனில் ஓட்டுப் போட முடியாது. அன்றைக்கு நேரில் வந்து, பாஸ்போர்ட்டைக் காட்டிப் போட வேண்டும்.

வாக்குப்பதிவு நாளில் கல்லூரி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்து நிற்காதீர்கள். வாக்காளர் அட்டை இல்லாதவர்கள் காட்டலாம் என்று ஆணையம் வைத்திருக்கும் பட்டியலில் ஆதார் உண்டு, ஓட்டுநர் உரிமம் உண்டு, பான் அட்டை உண்டு, படம் ஒட்டிய வங்கிப் புத்தகம் உண்டு. மாணவர் அட்டை இல்லை. வேடிக்கை என்னவென்றால், எஸ்.ஐ.ஆரில் கேட்ட ஆவணங்களில் கல்விச் சான்றிதழ் ஒன்று. பட்டியலில் ஏறப் பட்டம் உதவும், வாசலில் நுழைய உதவாது. பூத் சிலிப்பும் வெறும் வழிகாட்டித் தாள்தான், அதை மட்டும் நீட்டினால் திருப்பி அனுப்புவார்கள். போனை உள்ளே கொண்டுபோய் மெஷினோடு செல்ஃபி எடுக்கிற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள், விரலில் மை வைத்த பிறகு வெளியே வந்து எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். உள்ளே போனதும் 'உங்க ஓட்டைப் போட்டாச்சே' என்று சொன்னால் கோபப்பட்டு வெளியே வரக் கூடாது. நான்தான் இன்னார் என்று நிரூபித்து, டெண்டர் ஓட்டுச் சீட்டு கேளுங்கள். கொடுத்தாக வேண்டும்.

1965இல் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தெருவுக்கு வந்த கல்லூரி மாணவர்களில் ஏராளமானவர்களுக்கு 1967 தேர்தலில் ஓட்டு கிடையாது. வாக்களிக்கும் வயது அப்போது 21. இருந்தும் அந்த மாணவர் தலைவர்களில் ஒருவரான பெ. சீனிவாசன் விருதுநகரில் காமராஜரை 1,285 ஓட்டில் தோற்கடித்தார். (தோற்ற காமராஜரை 1969 இடைத்தேர்தலில் நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது நம்ம நாகர்கோவில்.) 18 வயதில் ஓட்டு என்பது 1989 மார்ச் 28ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்தது. அந்தக் காலத்துப் பிள்ளைகள் ஓட்டில்லாமல் அடி வாங்கினார்கள். இந்தக் காலத்துப் பிள்ளை ஓட்டு இருக்கிறதா என்று போனில் பார்க்க அம்மாவைச் சொல்கிறது.

டீக்கடையில் பெயர் இல்லாத இரண்டு பேரில், கோயம்புத்தூர்ப் பிள்ளை அன்றைக்கு ராத்திரியே ஆறாம் படிவத்தைப் போட்டுவிட்டாள். "மாமா, ரெஃபரன்ஸ் நம்பர் வந்திட்டு" என்று செய்தி அனுப்பினாள். நம்பர் வந்தால் ஆச்சா, பெயர் ஏறியிருக்கிறதா என்று நாலு நாளுக்கு ஒருதரம் பார் என்று பதில் போட்டேன். மெட்ராஸ்காரன் பஸ் ஏறிப் போய்விட்டான். போன் போட்டால் எடுக்கமாட்டேன் என்கிறான். அவன் அம்மா கும்பப்பூ அறுப்புக்கு ஆள் பிடிக்க அலைந்துகொண்டிருக்கிறாள். நாளைக்குக் காலையில் களத்துக்கே போய், அவன் ஆதார் நகல் வீட்டில் எங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டும்.